காலைக் காட்சியில் காணாமல்போன சிரிப்பு
ஐரோப்பியப் பாலியல் நகைச்சுவைப் படங்களும் தமிழ்நாட்டு ‘ஏ’ படங்களும்

1. கேள்வி

தமிழ்ச் சினிமா ஆய்வில் புராணப் படம், திராவிட இயக்கப் படம், நட்சத்திர அரசியல், ரசிகர் மன்றம் ஆகியவற்றைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று. காலைக் காட்சிகளில் ஓடிய ‘ஏ’ படங்கள் பக்கம் ஆய்வாளர்கள் அதிகம் போனதில்லை. பேச்சு எழும்போதும் இரண்டே கதைகள்தான் சொல்லப்படுகின்றன. மேல்நாட்டு ஆபாசம் கப்பலேறி வந்து நம் இளைஞர்களைக் கெடுத்தது என்பது ஒன்று. சென்சார் போட்ட கட்டை மீறி எழுந்த கலகமே இந்தப் படங்கள் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்கிறவர்கள் மேடையில் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் சிறுபத்திரிகையில் இருக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: 1960களின் இறுதியிலும் 1970களிலும் ஐரோப்பாவில் பெருகிய பாலியல் படங்கள் இங்கே வந்தன, பார்க்கப்பட்டன, அவற்றின் வழியில் இங்கேயும் படங்கள் எடுக்கப்பட்டன.

இந்த எடுகோளைத்தான் இக்கட்டுரை சோதித்துப் பார்க்கிறது. அங்கிருந்து வந்தது வியாபார உத்தி மட்டுமே, வடிவம் வரவில்லை என்பது என் வாதம். குறிப்பாக, அந்த வடிவத்துக்கு உயிராக இருந்த சிரிப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. அது ஏன் கழன்றது என்பதற்கான விடை சட்டத்திலும் கொட்டகைகளின் அமைப்பிலும் இருக்கிறது.

பார்ப்பதற்கான இடமாகக் கிளியனூரை எடுத்துக்கொள்கிறேன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில், கிழக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கொண்ட பகுதியில் இருக்கும் ஊர் இது. பழைய அகத்தீசுவரர் கோயிலுக்காகக் கல்வெட்டு ஆய்வாளர்கள் அறிந்த ஊர். சினிமா வரலாற்றில் இதற்கு இடமில்லை. இடமில்லாத ஊரிலிருந்து பார்த்தால்தான், படம் பார்க்கிறவர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது, யார் கண்ணில் படாமல் போக வேண்டியிருந்தது என்பது பிடிபடும்.

2. அங்கே நடந்தது என்ன

‘ஐரோப்பியப் பாலியல் படம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது பிழை. குறைந்தது நான்கு சரக்குகள் அதில் இருக்கின்றன.

முதலாவது, கல்வி வேடம் போட்ட படம். 1967இல் மேற்கு ஜெர்மனியில் சுகாதார அமைச்சகத்தின் ஆதரவோடு ‘ஹெல்கா’ என்ற படம் வந்தது. கருத்தரிப்பும் பிரசவமும்தான் அதன் பொருள். கூட்டம் அலைமோதியது. அரசே திறந்துவிட்ட அந்தக் கதவு வழியாக வணிகர்கள் உள்ளே புகுந்தார்கள். 1970இல் தயாரிப்பாளர் வொல்ஃப் ஹார்ட்விக், இயக்குநர் எர்ன்ஸ்ட் ஹோஃபௌவர் கூட்டணியில் தொடங்கிய ‘ஷூல்மேட்ஷன் ரிப்போர்ட்’ வரிசை 1980 வரை 13 படங்களாக நீண்டது. மாணவியரின் வாழ்க்கை பற்றிய ‘அறிக்கை’ என்ற சாக்கும், தெருவில் மைக் நீட்டிக் கருத்துக் கேட்கும் பாவனையும் அந்த வரிசையின் முகமூடி. வெட்கமில்லாத முகமூடி என்றே சொல்வேன்.

இரண்டாவது, டென்மார்க், சுவீடன் படங்கள். அச்சிலுள்ள ஆபாசத்துக்கான தடையை 1967இலும், படங்களுக்கான தடையை 1969இலும் டென்மார்க் நீக்கியது. வயதுவந்தோருக்கு இப்படித் திறந்துவிட்ட முதல் நாடு அது. சுவீடனில் வில்கோட் ஷோமான் 1967இல் எடுத்த ‘ஐ ஆம் க்யூரியஸ்: எல்லோ’ அரசியல் விவாதமும் உடலுறவுக் காட்சிகளும் கலந்த சோதனைப் படம். அமெரிக்கச் சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்ததால் அதன் புகழ் பன்மடங்கானது. வர்க்கம் பற்றி அந்தப் படம் கேட்ட கேள்விகளுக்காக எத்தனை பேர் சீட்டு வாங்கியிருப்பார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை.

மூன்றாவதுதான் நம் கேள்விக்கு முக்கியமானது: இத்தாலியிலும் பிரிட்டனிலும் தழைத்த பாலியல் நகைச்சுவை. 1971இல் பஸோலினி ‘டெக்கமரான்’ எடுத்தார். இடைக்காலக் கதைகளில் வரும் பாதிரிகளும் கன்னிமாடத்துப் பெண்களும் ஏமாளிக் கணவர்களும் திரைக்கு வந்தார்கள். அதைப் பிரதியெடுத்து அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் டஜன் கணக்கில் மலிவுப் படங்கள் கிளம்பின. 1973இல் சல்வத்தோரே சம்பேரி இயக்கிய ‘மலிட்ஸியா’ லௌரா அந்தோனெல்லியை நட்சத்திரமாக்கியது. மனைவியை இழந்த சிசிலிக்காரர் ஒருவர், அவருடைய மகன்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்: கத்தோலிக்கக் குடும்பத்தின் பாசாங்கைக் கிண்டலடிக்க இது போதுமானதாக இருந்தது. பிரிட்டனில் 1974இல் வால் கெஸ்ட் இயக்கத்தில் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ வந்தது. சன்னல் துடைக்கிற தொழிலாளிப் பையன் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் போய் மாட்டிக்கொண்டு விழிப்பதுதான் கதை. 1977இல் வெளியான ‘கம் பிளே வித் மீ’ லண்டனின் ஒரே திரையரங்கில் 201 வாரம் ஓடியது. பிரிட்டிஷ் படங்களை வளர்ப்பதற்காகச் சீட்டுக் கட்டணத்தில் பிடித்த ஈடி லெவி என்ற வரியின் பங்கு இந்தப் படங்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்பது வேடிக்கை.

நான்காவது, ‘அழகியல்’ முலாம் பூசியது. 1974இல் ஜுஸ்த் ஜேக்கன் இயக்கிய ‘எம்மானுவெல்’ பாரிஸில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓடியது. தாய்லாந்தைப் பின்னணியாக வைத்து, கிழக்கத்திய நாடுகள் வெள்ளையரின் ஆசைக்கான தோட்டம் என்று காட்டிய படம். அதன் காலனியப் பார்வையை ஐரோப்பியப் பெண்ணியவாதிகளே பிற்பாடு பிய்த்து உதறியிருக்கிறார்கள்.

இந்த நான்கில் சிரிப்பு மையமாக இருப்பது மூன்றாவது வகையில். அங்கே நிர்வாணத்தைவிட அதிகம் உரிக்கப்படுவது பதவிகள்: பாதிரி, ராணுவ அதிகாரி, பள்ளி முதல்வர், குடும்பத் தலைவர். பெண்ணுடலைப் பண்டமாக்கும் குற்றத்திலிருந்து இதனால் இந்தப் படங்கள் தப்பிவிடவில்லை. ஆனால் அவற்றின் இயக்கவிசை நகைப்புத்தான், ஏங்கவைப்பது அன்று. பார்த்தவர்களில் தம்பதிகள் இருந்தார்கள், நண்பர் கூட்டங்கள் இருந்தன; அரங்கில் சத்தமாகச் சிரித்தார்கள்.

3. நம் சட்டம் வகுத்த பாதை

வெளிநாட்டுப் படம் இங்கே ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்ற புகார் பாலியல் படங்களுக்கு முந்தியது. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். திரையில் வெள்ளைக்காரப் பெண்கள் முத்தமிடுவதையும் நடனமாடுவதையும் பார்க்கும் ‘சுதேசிகள்’ வெள்ளையர் மீதுள்ள மரியாதையை இழந்துவிடுவார்கள் என்பது ஆட்சியாளரின் பயம். அமெரிக்கப் படங்களின் ஆதிக்கத்தை உடைத்துப் பேரரசுப் படங்களுக்கு இடம்பிடிக்க வேண்டும் என்ற வணிக நோக்கமும் கூடவே இருந்தது. 353 சாட்சிகளை விசாரித்த குழு, பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று சொல்லிப் பேரரசுப் படங்களுக்கான சலுகையையும் மறுத்தது. காலனிய இந்தியாவில் அரசு கேட்க விரும்பாததை எழுதித் தந்த அறிக்கைகள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

சுதந்திரத்துக்குப் பின் ‘யூ’, ‘ஏ’ என்ற இரண்டு சான்றுகள் நடைமுறைக்கு வந்தன. தமிழில் முதலில் ‘ஏ’ பெற்ற படம் 1951இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மர்மயோகி’. காரணம் காமம் இல்லை, பேய்க் காட்சி. அந்த எழுத்து பிற்பாடு போஸ்டரில் சிவப்பாகப் பெருத்து, ஒரே பொருளைக் குறிக்கத் தொடங்கியதற்கு வணிகர்கள்தான் காரணம். எச்சரிக்கைக்காக அரசு ஒட்டிய முத்திரையை அவர்கள் விளம்பரமாக மாற்றிக்கொண்டார்கள்.

நீதிபதி ஜி.டி. கோஸ்லா தலைமையிலான குழு 1969இல், கதைக்குத் தேவையானால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. பரிந்துரை அலமாரிக்குப் போனது. அடுத்த ஆண்டு கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. பாலியலும் ஆபாசமும் ஒன்றல்ல என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. தணிக்கை அறைகளில் தீர்ப்பின் முதல் பாதி மட்டும் எடுபட்டது.

இறக்குமதிக் கதை இதைவிடச் சுவையானது. 1971இல் அமெரிக்கப் படநிறுவனங்களின் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 1975இல் மறு ஒப்பந்தம் வரும்வரை ஹாலிவுட் புதுப்படங்களின் வரத்து நின்றது. அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தவும் நல்ல உலகப்படங்களுக்கு வழிவிடவும் இறக்குமதி அரசு அமைப்புகளின் கைக்குப் போனது. 1980களில் வெளிநாடுவாழ் இந்தியர் மூலமாகப் படங்களை வாங்கிவர அனுமதி தந்தபோது வந்திறங்கியவற்றில் மலிவுச் சரக்கு கணிசம். ஊர்பேர் தெரியாத, பழைய, விலை மலிந்த ஐரோப்பியப் படங்கள் ஆங்கில ஒலிச்சேர்க்கையோடு வந்தன. இத்தாலியப் படமா, ஜெர்மன் படமா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. எல்லாமே ‘இங்கிலீஷ் படம்’.

வந்த படத்தைத் தணிக்கை வாரியம் வெட்டியது. வெட்டுப்பட்ட படத்தின் சான்றிதழில் ஒரு சிறிய முக்கோணக் குறி இருக்கும். நிர்வாணக் காட்சிகள் போகும். அவற்றோடு பாதிரியைக் கிண்டலடிக்கும் காட்சிகளும் மத உணர்வைக் காரணம் காட்டிப் போகக்கூடும். மீதமிருக்கும் வசனம் புரியாத ஆங்கிலத்தில். சன்னல் துடைப்பவனின் லண்டன் உச்சரிப்பில் உள்ள வர்க்கக் கேலியைத் திண்டிவனத்தில் யார் பிடிக்க முடியும்? வசனம் விளங்காமல், காட்சியும் வெட்டுண்டு போன பின் நகைச்சுவைப் படத்தில் என்ன மிஞ்சும்? கதவைத் திறந்து மூடும் ஆட்கள் மிஞ்சுவார்கள். சிரிப்பு முதலில் செத்தது இங்கேதான்.

4. டெண்ட் கொட்டகையும் டவுன் தியேட்டரும்

சினிமாக் கொட்டகையைத் தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் இடம் என்று கா. சிவத்தம்பி விவரித்தார். அந்தக் கூற்றை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்கள். தரை டிக்கெட், பெஞ்ச், சேர் என்று உள்ளே ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கூரை ஒன்று என்பது உண்மை. ஆனால் எந்தக் காட்சிக்கு எந்தக் கூரை என்று அவர் கேட்கவில்லை.

கிராமத்து டூரிங் டாக்கீஸ் கீற்றும் படுதாவும் போட்ட கொட்டகை. பகலில் வெளிச்சம் உள்ளே பாயும். படம் ஓட்ட முடியாது. ஆகவே மாலைக் காட்சி, இரவுக் காட்சி இரண்டுதான். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்த குடும்பங்கள், தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள், முறுக்கு விற்கும் பையன், கேட்டில் நிற்கும் தெரிந்த ஆள். இப்படிப்பட்ட இடத்தில் ‘ஏ’ படம் போட்டுப் பிழைக்க முடியாது. ஒழுக்கம் ஒரு காரணம் என்றால் கட்டடம் இன்னொரு காரணம். காலைக் காட்சி என்பதே சுவரும் ஓடும் உள்ள நிரந்தரத் தியேட்டரின் பிள்ளை. மற்ற மூன்று காட்சிகளுக்குக் குடும்பப் படம், 11 மணிக்கு வேறு படம் என்று ஒரே கட்டடம் இரண்டு முகம் காட்ட முடிந்தது அங்கேதான்.

இதனால் கிளியனூர் போன்ற ஊரின் ஆணுக்கு ‘ஏ’ படம் என்பது ஒரு பஸ் பயணம். வடமேற்கே திண்டிவனம், தென்கிழக்கே புதுச்சேரி. இரண்டு திசையிலும் முகம் தெரியாத கூட்டம். உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் வாரி முடிப்பதுதான் வேலை முறை. மழை பிடித்துவிட்டால் பாத்திகள் மூழ்கி வேலையே கிடையாது. கையில் காலைப்பொழுது ஓய்ந்திருக்கும் உழைப்பாளி ஆண்கள் இருக்கிற பகுதியில் 11 மணிக் காட்சி யாரை எதிர்பார்த்து நடந்தது என்பதை ஊகிக்க முடியும். உப்பளத்தில் உழைக்கும் பெண்களுக்கு அந்தக் காலைப்பொழுது அடுப்படிக்குரியது.

புதுச்சேரிக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. தமிழ்நாட்டில் 1971இல் தளர்ந்த மதுவிலக்கு 1974இல் திரும்ப வந்து 1981 வரை நீடித்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன. இன்றும் இந்தச் சாலையில் புதுச்சேரிப் பாட்டிலுக்காகத்தான் போலீஸ் வண்டிகளை நிறுத்துகிறது. சாராயமும் சினிமாவும் ஒரே பயணத்தில் அடங்கின. சாராயத்துக்கு இரண்டு பக்கமும் சட்டம் வேறு. சினிமாவுக்கோ சான்றிதழ் நாடு முழுவதற்கும் ஒன்றே. பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறிய ஊரில் ‘பிரெஞ்சுப் படம்’ என்று போஸ்டர் கிசுகிசுத்தால் அதற்கொரு மதிப்பு வந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கே இன்னொரு ஒத்துநிகழ்வையும் சொல்ல வேண்டும். 1968 பிப்ரவரி 28 அன்று கிளியனூரை அடுத்த வானூர் வட்டாரத்துச் செம்மண்ணில் ஆரோவில் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் மேற்சொன்ன படங்கள் பெருகிய அதே ஆண்டுகளில், ஐரோப்பிய இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கே மரம் நட்டுக்கொண்டும் மொபெட்டில் போய்க்கொண்டும் இருந்தார்கள். நேரில் பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் நாற்றங்காலில் குந்தியிருக்கிறாள்; போஸ்டரில் இருப்பவள் வேறு மாதிரி. 1927இல் ஆட்சியாளர்கள் அஞ்சியது திரைப் பிம்பம் நிஜத்தின் மரியாதையைக் கெடுக்கும் என்று. நிஜம் பக்கத்திலேயே இருந்தும் பிம்பம் கலையவில்லை என்பதையே இந்தப் பகுதி காட்டுகிறது. பிம்பத்துக்குத் தேவைப்பட்டது தூரம். அந்தத் தூரத்தைத் தியேட்டரின் இருட்டு தந்தது.

5. ‘பிட்டு’ என்னும் தொழில்நுட்பம்

போஸ்டர் வாக்குக் கொடுத்ததை வாரியம் வெட்டி எடுத்துவிட்டது. கூட்டம் ஏமாந்து கத்தும். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டப் பிறந்ததுதான் பிட்டு.

ஆபரேட்டர் அறையில் நடப்பது இதுதான். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம். மூன்று நிமிடத் துண்டுக்கு 270 அடி போதும், ஒரு சின்ன டப்பாவில் அடங்கும். எந்த ரீலின் முடிவில் சேர்ப்பது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். இரண்டு முனையையும் வெட்டி, மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். காட்சி முடிந்ததும் பிரித்து எடுத்துவிடலாம். பறக்கும் படை வந்தால் டப்பா வேறு இடத்தில் இருக்கும். துண்டு எந்தப் படத்தைச் சேர்ந்தது என்பது பொருட்டே அல்ல. காலைக் காட்சிக்கு வந்த மலையாளப் படமொன்றின் கதை நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று முகம் தெரியாத ஐரோப்பிய ஜோடி ஒன்று மூன்று நிமிடம் வந்து போகும். கோடுகள் விழுந்து, நிறம் சிவந்து, ஒலியில்லாமல்.

சட்டத்தின் பார்வையில் இது ஒரு விரிசலில் வாழ்ந்தது. படத்துக்குச் சான்றளிப்பது அரசியல் சாசனப்படி மத்திய அரசின் அதிகாரம். தியேட்டருக்கு உரிமம் தருவதும் கண்காணிப்பதும் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகத்தின் கையில். சான்று பெற்ற படத்தைத் திருத்துவது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் குற்றம். சான்று தந்தவர் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறார். காட்சியைப் பார்க்க வேண்டியவர் உள்ளூர் அதிகாரி. பல்லாயிரம் காட்சிகளுக்கு நடுவே அந்த மூன்று நிமிடத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது எளிதா?

வங்கதேசத்தின் இதேபோன்ற துண்டுகளை ஆராய்ந்த லோட்டே ஹூக், அந்தத் துண்டு படத்துக்கு வெளியிலிருந்து ஒட்டிய கறை அல்ல, அந்தத் திரைத்தொழிலின் பொருளாதாரமே அதைச் சார்ந்து நின்றது என்கிறார். மலையாளப் படங்கள் பற்றி 2024இல் ‘ரேட்டட் ஏ’ என்ற நூலை எழுதிய தர்ஷனா ஸ்ரீதர் மினி, கோடம்பாக்கத்தின் ஸ்டூடியோக்களையும் துணை நடிகர்களையும் நம்பியே அந்தத் தொழில் நடந்ததைக் காட்டுகிறார். இருவரோடும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பிட்டு, கதையிலிருந்து உடலைப் பிரித்தது. பாலியல் நகைச்சுவைக்குக் கதைதான் முதுகெலும்பு: யார் யாருடைய கட்டிலுக்கடியில், யார் கதவைத் தட்டுகிறார் என்ற சிக்கல் இல்லாமல் சிரிப்பு கிடையாது. துண்டுக்குச் சிக்கலும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஐரோப்பிய ஆபாசத் தொழில் 1980களின் வீடியோவால் கதையைத் தூக்கி எறிந்து போய்ச்சேர்ந்த இடத்துக்கு, நம் ஆபரேட்டர் பிளேடும் சிமெண்டும் கொண்டு முன்பே போய்விட்டார். தணிக்கை அவரைத் தடுக்கவில்லை. அவருக்கு வேலை கொடுத்தது.

6. சிரிப்பு வேறெங்கே இருந்தது

தமிழ்ச் சமூகம் காமத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது அபத்தம். கிளியனூர் இருப்பது தெருக்கூத்து வழங்கும் வட தமிழகத்தில். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடியவிடியப் பாரதக் கூத்து நடக்கும் வட்டாரம். செஞ்சிப் பகுதியின் இந்த வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கூத்தின் கட்டியக்காரனைக் கவனியுங்கள். ராஜாவின் கொலுவுக்குள் நின்றுகொண்டே ராஜாவை நக்கலடிப்பான். இடுப்புக்குக் கீழான பேச்சு அவனுக்கு உரிமை. பாட்டி முதல் பேரன் வரை முன்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள். பெண்களும்தான். அதிகாரத்தைக் கவிழ்க்கும் கொச்சைச் சிரிப்பு என்ற அளவில் பஸோலினியின் பாதிரிகளுக்கும் கட்டியக்காரனுக்கும் உறவு நெருக்கமானது. சன்னல் துடைப்பவனைவிட இவன் சாமர்த்தியசாலி என்பது என் அபிப்பிராயம்.

கூத்தைப் புனிதமாக்கவும் வேண்டாம். சாதியைச் சொல்லிக் கேலி செய்வதும், பெண்வேடத்தை வைத்து மட்டமாகப் பேசுவதும் அதில் உண்டு. திருவிழா மேடைகளில் ஆடிய குறவன் குறத்தி ஆட்டத்தை ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று 2023இல் தமிழக அரசு தடை செய்ததை அந்தச் சமூகத்தார் கேட்டுப் பெற்ற நியாயமாகவே பார்க்கிறேன். ஆயினும் ஊர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க நடந்த சிரிப்பு அது. காலைக் காட்சியில் நடந்தது இதற்கு நேரெதிர்: ஆண்கள் மட்டும், பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்க்காத மௌனம்.

சினிமாவில் அந்தச் சிரிப்பைக் கைப்பற்றியவர் கே. பாக்யராஜ். 1983இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த ‘முந்தானை முடிச்சு’ படத்தை ‘மலிட்ஸியா’வோடு அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் மனைவியை இழந்த ஆணின் வீடு, அதற்குள் வரும் இளம்பெண். பாக்யராஜ் ‘மலிட்ஸியா’வைப் பார்த்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. அவருக்குத் திண்ணைப் பேச்சே போதும். இத்தாலியப் படம் குடும்பத்தின் பாசாங்கைப் போட்டு உடைக்கிறது. தமிழ்ப் படமோ ஆசையைக் கல்யாணத்துக்குள் கொண்டுவந்து வைத்து, முருங்கைக்காயைக் கையில் கொடுத்து, குடும்பத்தையே சிரிக்கவைக்கிறது. ஆசைப்படுகிறவளும் துரத்துகிறவளும் பெண் என்பது அதன் பலம். அதற்காக அவள் குழந்தையைத் தாண்டிப் பொய்ச்சத்தியம் செய்து, படம் முழுக்கத் தண்டனை அனுபவிக்க வேண்டியிருப்பது அதன் எல்லை.

ஆகத் தமிழில் பாலியல் நகைச்சுவை இருந்தது. அது ‘ஏ’ படத்துக்குள் இல்லை. குடும்பப் படம் சிரிப்பை எடுத்துக்கொண்டது, காலைக் காட்சி உடலை எடுத்துக்கொண்டது. பிரிவினை இவ்வளவு சுத்தமாக நடந்ததால்தான், 2004இல் எஸ்.ஜே. சூர்யா இரண்டையும் ‘நியூ’ படத்தில் சேர்த்தபோது அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அதன் சான்றிதழையே ரத்து செய்யும் அளவுக்குப் போனது. 2018இல் ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ தன்னை அடல்ட் காமெடி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு வந்து காசும் பார்த்தது. சிரிப்பு திரும்பி வந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரத்தில் இருக்கும் ஒருவரைக்கூட அந்தப் படம் கிண்டலடிக்கவில்லை. தன்பாலீர்ப்பாளரையும் பெண்களையும் சீண்டுவதோடு அதன் துணிச்சல் தீர்ந்துவிடுகிறது.

7. யாருடைய உழைப்பு

காலைக் காட்சிக்கு வந்த மலையாளப் படங்களுக்குத் திரும்புவோம். ஐ.வி. சசியின் ‘அவளுடே ராவுகள்’ 1978இல் மலையாளத்தில் வந்தது. பாலியல் தொழிலாளியாகத் தள்ளப்பட்ட பெண்ணைப் பற்றிய, கவனமாக எடுத்த படம். அதன் வெற்றியிலிருந்து வணிகர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. 1988இல் ‘ஆதிபாபம்’, 1989இல் சில்க் ஸ்மிதா நடித்த ‘லயனம்’, 2000இல் ஷகிலாவின் ‘கின்னாரத்தும்பிகள்’ என்று அந்தப் பாதை நீண்டது. இவற்றின் கதைகளில் சிரிப்புக்கு இடமில்லை. ஆசைப்பட்ட பெண் அழிவாள்; கடைசி ரீலில் ஒழுக்கம் வெல்லும். ஜெர்மன் படத்தின் கல்வி முகமூடிக்கு ஈடாக இங்கே துன்பியல் முகமூடி. தணிக்கைக்கும் அது வசதி, பார்த்தவரின் மனசாட்சிக்கும் வசதி.

1980இல் ‘வண்டிச்சக்கர’த்தில் அறிமுகமான ஸ்மிதா 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் இறந்துபோனார். ஷகிலா தமிழில் ‘பிளே கேர்ள்ஸ்’ படத்தில் ஸ்மிதாவோடு நடித்துத்தான் திரைக்கு வந்தார். பிற்பாடு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். தயாரித்தவர், விநியோகித்தவர், போஸ்டர் அடித்தவர், சீட்டு வாங்கியவர் எவர் பெயரிலும் அந்தப் படங்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. நடித்த பெண்ணின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டன. 2019இல் தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ இதைத் திரையிலேயே கேட்டது. ‘மேட்டர் படம்’ பார்க்க உட்காரும் பையன்களில் ஒருவன் திரையில் தன் தாயைப் பார்த்துவிடுகிறான். ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அந்தத் தாய் மன்னிப்புக் கேட்பதில்லை; பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது நடித்தவளுக்கு மட்டும் ஏன் பெயர் என்ற திசையில் அவள் வாதம் போகிறது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு கதைகளும், கெட்டுப்போன இளைஞன் கதையும் கலகக்காரப் பார்வையாளன் கதையும், ஆணைப் பற்றியவை. கூலி வாங்கி வேலை செய்த பெண் இரண்டிலும் இல்லை.

8. எஞ்சியிருப்பவை

1980களில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. 1984இல் தமிழ்நாடு அரசு அதற்கெனத் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. டெண்ட் கொட்டகையால் கிராமத்துக்குக் கொண்டுவர முடியாததை ஒரு டெக்கும் டி.வி.யும் கொண்டுவந்தன. பஸ் பயணம் தேவையற்றதானது. பிறகு சி.டி., பிறகு கைபேசி. காலைக் காட்சிகளை நம்பிய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் ஆயின.

ஐரோப்பா தன் மலிவுப் படங்களை இன்று மீட்டெடுத்துத் தூசு தட்டி, குறிப்புரையோடு வட்டில் விற்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆய்வும் நடக்கிறது. அந்த ஆய்வு முறைகளை அப்படியே இங்கே தூக்கிவந்தால் பயனில்லை. அங்கே படம் மையம்; இங்கே போஸ்டர், துண்டு, காட்சி நேரம், பஸ் பாதை, உரிமம் ஆகியவைதான் மையம். படத்தையே தேடுகிற ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஆவணங்கள் இருக்கக்கூடிய இடம் வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ‘சி’ படிவ உரிமக் கோப்புகள், காவல் நிலையங்களில் 7ஆம் பிரிவு வழக்குகளின் பதிவேடுகள், லித்தோ அச்சகங்களில் மிஞ்சிய போஸ்டர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆபரேட்டர்களின் நினைவு. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரித் தியேட்டர்களில் படச்சுருள் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இப்போது முதியவர்கள். கோப்புகள் கழிவுக் காகிதமாக எடைக்குப் போகுமுன், அவர்களும் இல்லாமல் போகுமுன், இந்த மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் மாணவர்களை அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். பேட்டி எடுக்கப் போகிறவர்கள் அந்தப் படங்களில் நடித்த பெண்களிடமும் போக வேண்டும். அவர்கள் பேச விரும்பினால், அவர்கள் சொல்லும் நிபந்தனையின்படி.